மேய்க்கால் புறம்போக்கும் அதில் வாழும் உயிர்களும்

புதுச்சேரியைச் சூழ்ந்த கிராமங்களில் ஊர்ப்புறத்தே கிடக்கும் மேய்க்கால் புறம்போக்கை, 'வீணே கிடக்கும் நிலம்' என்று கூறுவோர் பலர். அவ்வெண்ணம் பிழையாதலை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நகருக்கு மேற்கேயுள்ள ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நீர்ப்பறவைகளின் அருமையை உணர்ந்த நாம், புல்தரைப் பறவைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆட்காட்டி மரத்தில் கூடு கட்டுவதன்று. வெட்டவெளித் தரையிலேயே பெரும்பாலும் நான்கு முட்டைகளை இடும். மண்ணின் நிறமே அவற்றிற்குக் காவல். வானம்பாடியும் கவுதாரியும் தரையிலேயே குஞ்சு பொரிப்பவை.

இவற்றால் குடியானவருக்குப் பயன் உண்டோ எனின், உண்டு. உண்ணிக்கொக்கு மாட்டின் பின்சென்று வெட்டுக்கிளிகளைத் தின்னும். பனங்காடை புழுபூச்சிகளைப் பிடிக்கும். கீரி எலிகளை வேட்டையாடும். அறுகும் கொழுக்கட்டைப் புல்லும் மண்ணைப் பிணித்து நிறுத்தும். எருக்கிலையை உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சியும் உண்டு.

இவ்வெளிக்கு நேரும் கேடுகளுள் முதன்மையானது சீமைக் கருவேல். அதன் நெற்றை மாடுகள் தின்ன, விதை சாணத்தோடு எங்கும் பரவும். வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். ஆதலின் வேரோடு அகழ்தலே முறை. மற்றொரு கேடு, நன்மை கருதியே செய்யப்படுவது: புல்வெளி முழுதும் மரம் நடுதல். நிழல் அடர்ந்தால் வெயிலை நாடும் புல் மடியும். தரையில் முட்டையிடும் பறவைகள் அகலும். மரங்களை வெளியின் ஓரத்தில் மட்டும் நடுக.

கிராமத்தார் கைக்கொள்ள வேண்டுவன:

1. வெளியை நான்கு பாகமாக்கி, ஆண்டுக்கொரு பாகத்தில் வடகிழக்குப் பருவமழைக்குப்பின் புல் விதை உதிரும்வரை மேய்ச்சலை நிறுத்துக.

2. பங்குனி முதல் ஆடி வரை முட்டைகள் இருக்கக்கூடுமாதலால், புல்லுக்குத் தீ வைத்தலை ஒழிக்க.

3. எல்லைக் கற்களை ஆண்டுதோறும் சரிபார்த்திடுக.

ஆக்கிரமிக்கப்பட்ட பொது நிலங்களை மீட்டுக் கிராமத்தாரிடமே ஒப்படைக்கத் திட்டம் வகுக்குமாறு உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரி 28-இல் எல்லா மாநில அரசுகளுக்கும் கட்டளையிட்டது. யூனியன் பிரதேசங்களும் அக்கட்டளைக்கு உட்பட்டனவே. எனினும் எல்லையை அறியாத ஊருக்குச் சட்டம் துணை நிற்பது அரிது. மேய்க்கால் கைவிட்டுப் போயின், சொந்த நிலமில்லாதவனின் பசுவே முதலில் பட்டினி கிடக்கும். ஆட்காட்டியின் குரல் அதன்பின் அவ்வூரில் கேளாது.