பழுப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

கேள்வி: எங்கள் வீட்டில் சிறுவாணி நல்ல தண்ணி, போர் போட்ட சப்பத் தண்ணி இரண்டும் உண்டு. சப்பத் தண்ணியில் துவரம்பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. குழாய் வாயெல்லாம் வெள்ளை பூத்துக் கிடக்கிறது. போன வாரம் ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர், கம்பிகள் வைத்த ஒரு கருவியை எங்கள் நல்ல தண்ணியில் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் சாக்கடை மாதிரி ஆகிவிட்டது. அவர் கொண்டுவந்த தண்ணீர் மட்டும் தெளிவாகவே நின்றது. அன்றிலிருந்து மாமியார் நல்ல தண்ணி குடிக்கவே பயப்படுகிறார். காய்ச்சிக் குடித்தால் போதாதா?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: முதலில் மாமியாரின் பயத்தைத் தீர்த்துவிடலாம். அந்தக் கருவியின் கம்பிகளில் இரும்பும் இருக்கும். உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும்போது அந்த இரும்பு கரைந்து, துருவாகித் திரண்டு மிதக்கும். நீங்கள் பார்த்த பழுப்பு முழுக்கக் கம்பியின் உபயம். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறவில்லை. விற்க வந்தவர் மறுபடி வந்தால், அவருடைய தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டுக் கலக்கி, கம்பியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகிவிடும். (அநேகமாக அதற்குள் கருவியைப் பைக்குள் போட்டுக்கொண்டிருப்பார்.)

மெஷின் விற்பவர்கள் நீட்டும் டி.டி.எஸ். மீட்டரும் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்றுதான் பார்க்கிறது. மொத்த உப்பைத் தோராயமாகச் சொல்லும். எந்த உப்பு என்று சொல்லாது. கிருமி இருக்கிறதா என்பது அதற்குத் தெரியவே தெரியாது. குடிநீருக்கான இந்தியத் தரம், கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. சிறுவாணி போல மலையிலிருந்து வரும் அணைத் தண்ணீரில் உப்பு ஒரு பிரச்சினையே அல்ல. கசியும் குழாய், நாள் கணக்கில் டிரம்மில் தேக்கி வைப்பது, கை விட்டு மொள்வது இவைதான் கவலை. நன்றாகக் கொதிக்கவிட்டு மூடி வையுங்கள். அதற்கு ஆர்.ஓ. வேண்டாம்.

போர் தண்ணீர் கதை வேறு. அதில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகம்; இதைத்தான் கடினத்தன்மை என்கிறோம். பருப்பின் செல்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இன்னும் இறுக்கிவிடும்; எத்தனை விசில் விட்டாலும் பருப்பு குழையாது. ஆப்பசோடா போட்டால் குழையும், ஆனால் தயமின் என்ற பி வைட்டமின் அழிந்துபோகும். நல்ல தண்ணி இருக்கும்போது அந்த வம்பு எதற்கு? பருப்புக்கு அதையே வையுங்கள்.

வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க, இரண்டு பாட்டில்களில் இரண்டு தண்ணீரையும் பாதியளவு எடுத்து, குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். நல்ல தண்ணியில் நுரை பொங்கி நிற்கும்; சப்பத் தண்ணியில் திரிந்த பால்போல் கட்டி மிதக்கும். சலவைப் பவுடரில் இந்தச் சோதனை பலிக்காது, அது கடினத் தண்ணீரிலும் நுரைக்கும்.

காய்ச்சினால் இந்தக் கடினத்தன்மையில் ஒரு பங்கு போகும். பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளை அதுதான். தெளிய வைத்து மேலாக இறுத்துக்கொள்ளலாம். சல்பேட், குளோரைடாக இருப்பது அசையாது. புளோரைடும் நைட்ரேட்டும் காய்ச்சினால் போகாது. நீர் ஆவியாக ஆவியாக அவற்றின் அடர்த்திதான் கூடும். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல்லிலிருந்து காவிரியைக் கொண்டுபோனது, நிலத்தடி நீரில் இருந்த புளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுத்ததால்தான். வீட்டில் கைக்குழந்தை இருந்தால், போர் தண்ணீரைக் காய்ச்சிப் பால் பவுடர் கலக்கவே கூடாது. நைட்ரேட் மிகுந்தால் குழந்தையின் இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறாமல் உடல் நீலம் பாரிக்கும்.

மழைத் தண்ணீரும் நல்ல மென்னீர்தான். முதல் மழையை மொட்டைமாடியைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்துக் காய்ச்சிக்கொள்ளுங்கள்.

கோடையில் போரையே குடிக்கும் நிலை வந்தால் ஆர்.ஓ. பற்றி யோசிக்கலாம். அதற்கு முன் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டித் தண்ணீரைச் சோதியுங்கள். கடினத்தன்மை, புளோரைடு, நைட்ரேட், கிருமி நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். மெஷின் வாங்கினால், அது வெளியே தள்ளும் தண்ணீர் பெரும்பாலும் நீங்கள் குடிப்பதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அது உப்பேறிய தண்ணீர்; செடிக்கு ஆகாது. வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றுங்கள்.