கீசரின் வயதா, டாங்கின் நிலையா?

கேள்வி: கீசர் வாங்கி 9 வருடமாகிறது. போர் தண்ணீர்தான். இரண்டாவது முறையாகக் காயில் எரிந்துவிட்டது. புதிதாக வாங்கிவிடலாமா?

பதில்: காயில் எரிந்தது கீசருக்கு வயதானதால் அல்ல, தண்ணீரால். உப்புத் தண்ணீர் சூடாகும்போது கால்சியம் கார்பனேட் பிரிந்து காயில்மேல் வெள்ளை ஓடாகப் படியும். சூடு தண்ணீருக்குள் இறங்க வழியில்லாமல் காயில் தன்னையே பொசுக்கிக்கொள்கிறது. புதுக் கீசருக்கும் இதே தண்ணீர்தானே! காயில், தெர்மோஸ்டாட், வாஷர் எல்லாம் மாற்றக்கூடியவை. மாற்ற முடியாதது உள்ளே இருக்கும் டாங்க் மட்டுமே. முடிவு அதைப் பொறுத்தது. காயிலைக் கழற்றும்போது கூடவே வரும் மக்னீசியம் கம்பியைப் பாருங்கள். டாங்கை அரிக்கவிடாமல் தான் கரைவதே அதன் வேலை. பாதி மிச்சமிருந்தால் கவலையில்லை. வெறும் இரும்புக் குச்சியாக நின்றால் அரிப்பு டாங்கைத் தொட்டிருக்கலாம். குளிர்ந்த குழாயில் தெளிவாக வரும் தண்ணீர் கீசர் குழாயில் மட்டும் செம்பழுப்பாக வந்தாலோ, காயில் மூடியில் இல்லாமல் டாங்க் உடம்பிலிருந்தே கசிந்தாலோ யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். சேஃப்டி வால்வில் சூடாகும் நேரத்தில் சொட்டுவது கசிவல்ல.

‘புதியது கரண்டை மிச்சப்படுத்துமே’ என்பார்கள். 25 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற எந்தக் கீசருக்கும் ஏறக்குறைய 0.9 யூனிட் வேண்டும். ஸ்டார் முத்திரை சொல்வது சூட்டைத் தேக்கிவைக்கும் திறனை. குளிக்கும் முன் போட்டு உடனே அணைக்கும் வீட்டில் அந்த மிச்சம் சொற்பம். பழைய கீசரில் ஷாக் அடிக்குமோ என்ற பயம் நியாயமானது. அதற்கு, கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் சரியான எர்த்தும் புதுக் கீசருக்கும் தேவை.