பழைய டிராக்டர் சந்தை

பஞ்சாப் மாநிலத்தின் மோகா, தல்வண்டி சாபோ முதலிய ஊர்களில் பழைய டிராக்டர்களுக்கென்றே சந்தை கூடுவதுண்டு. மாட்டுச் சந்தையில் மாடுகள் நிற்பதைப் போல அங்கே டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். புதியது வாங்கப் பல இலட்சம் ரூபாய் வேண்டும். சில ஏக்கர் நிலமே உடைய உழவருக்கு அஃது எளிதன்று. ஆகவே அவர் கடன் பெற்றேனும் பழையதொன்றை நாடுகிறார். அது ஜூன் மாத நெல் நடவின்போது பழுதாகி நின்றுவிட்டால் நாற்றங்காலில் நாற்று முற்றிவிடும். கடனுக்குரிய தவணையோ நிற்காது.

சந்தைக்கு வருவனவற்றுள் பல புது வண்ணப் பூச்சுடன் பளபளக்கும். வண்ணம் ஒரே நாளில் பூசப்படுவது. பழைய உரிமையாளர் வண்டியை எவ்வாறு பேணினார் என்பதை அது கூறாது. எஞ்சின் ஓடிய மணி நேரத்தைக் காட்டும் மானியும் முழுச் சான்றாகாது. அது பழுதாகி நின்றிருக்கலாம், மாற்றப்பட்டும் இருக்கலாம். மானி 2,000 மணி நேரம் என்று காட்ட, கிளட்ச் மிதியின் வரிகள் முற்றும் தேய்ந்து வழவழப்பாக இருந்தால், மிதியையே நம்ப வேண்டும். அது கால் நாள்தோறும் எழுதிய கணக்கு.

உரிமையாளரின் பழக்கத்தை அறிய விரும்புவோர் கிரீஸ் நிப்பிள்களைக் காண்பர். முன் அச்சிலும் ஸ்டியரிங் இணைப்புகளிலும் சிறு குமிழ்கள் போல இவை அமைந்திருக்கும். இவற்றின் வழியே முறையாகக் கிரீஸ் ஏற்றிய வண்டியில், பழைய கிரீஸ் சுற்றிலும் பிதுங்கிப் புழுதியோடு படிந்திருக்கும். பார்வைக்கு அழகற்றதுதான், ஆயினும் அது நல்ல அறிகுறி. நிப்பிளின் வாயையே வண்ணம் மூடியிருந்தால், பூச்சுக்குப் பின் எவரும் அங்குக் கிரீஸ் ஏற்றவில்லை என்பது தெளிவு. சேற்றுழவு செய்த வண்டிகளில் இது பெருங்குறை. சேற்றுநீர் புகுந்த இணைப்புகள் விரைவில் தேயும். முன் சக்கரத்தைத் தூக்கி அசைத்தால் ஆட்டம் கையில் தெரியும்.

பல டிராக்டர்களில் காற்று வடிகட்டியின் அடியில் எண்ணெய்க் கிண்ணம் ஒன்று உண்டு. எஞ்சின் இழுக்கும் காற்றிலுள்ள தூசியை அவ்வெண்ணெய் பிடித்துக்கொள்கிறது. கோதுமை அறுவடைக் காலத்துப் புழுதியில் அது விரைவில் குழம்பாகிவிடும். கிண்ணத்தில் சேறு தடித்துக் கிடந்தால், தூசி எஞ்சினுக்குள்ளும் சென்றிருக்கக்கூடும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கச் செய்தல் வேண்டும். வாங்குவோர் வருமுன்பே அது சூடாக்கப்பட்டிருந்தால் ஐயுற இடமுண்டு. தொடக்கத்தில் சிறிது புகை எழுவது இயல்பு. நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் தன் எண்ணெயையே எரிக்கிறது. டீசல் எஞ்சினில் எண்ணெய் விரைவில் கருப்பது வழக்கமாதலின், கருமையை மட்டும் கண்டு குறை கூறலாகாது. அளவுக் கம்பியில் எண்ணெய் பால் கலந்ததுபோல வெளுத்திருந்தால், நீர் உட்புகுந்துள்ளது என்று பொருள்.

பதிவுச் சான்றிதழிலுள்ள எண்கள் வண்டியிலுள்ள எண்களோடு ஒத்துள்ளனவா, வங்கிக்கடன் தீர்ந்ததா என்பனவும் பார்க்கத்தக்கன.

குறை கண்டவுடன் விலக வேண்டுவதில்லை. தேய்ந்த மிதியும் அச்சின் புஷ்ஷும் மாற்றத்தக்கவை. அச்செலவை விலையில் கழித்துக் கேட்கலாம். எண்ணெயில் நீர் கலந்த எஞ்சினைக் கண்டால் மட்டும், விலை எவ்வளவு குறைந்தாலும், பட்டறிவுடையோர் அடுத்த வண்டியை நோக்கி நடந்துவிடுவர்.

சொற்பொருள்
மானி – அளவைக் காட்டும் கருவி
ஐயுற – சந்தேகப்பட
பட்டறிவு – அனுபவம்

பயிற்சி
1. புது வண்ணம் ஏன் நற்சான்று ஆகாது?
2. “கால் நாள்தோறும் எழுதிய கணக்கு” – விளக்குக.
3. உம் வீட்டிலுள்ள மிதிவண்டி ஒன்றை உற்றுநோக்கி, அது பேணப்பட்ட விதத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.