முன் அனுபவமில்லாத பிள்ளைக்குச் சோதனையாளர் வேலை

செலாயாங் மொத்தச் சந்தையில் மூட்டையைப் பிரித்துப் பாராமல் நாம் பணம் கொடுப்பதுண்டா? கணினி மென்பொருளை அவ்வாறு பரிசோதித்துப் பழுது சொல்பவரே சோதனையாளர். “அனுபவம் உண்டா?” என்று கம்பெனிகள் கேட்டதும் நம் பிள்ளைகள் மலைத்துவிடுகின்றனர். அவ்வனுபவத்தை நம் கடையிலேயே தேடிக்கொள்ளலாம்.

100 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்குவோருக்குத் தள்ளுபடி என்று பில் மெஷினில் பதிந்திருக்கிறோம் என வைத்துக்கொள்வோம். கடை சாத்தியபின் பிள்ளை 99.95, 100, 100.05 என மூன்று தொகைகளையும் அடித்துப் பார்க்கட்டும். (அந்தப் பில்களை மறவாமல் ரத்துச் செய்யவேண்டும்!) பிழை பெரும்பாலும் எல்லையில்தான் ஒளிந்திருக்கும். என்ன செய்தோம், என்ன வரவேண்டும், என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதிவைக்க வேண்டும். “மெஷின் சரியில்லை” என்று நாம் வழக்கமாகச் சொல்வது இங்கே உதவாது.

ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மோசில்லாவுக்கு எவரும் பழுது அறிவிக்கலாம். அப்படி எழுதியவற்றை நேர்முகத்தில் காட்டலாம்.

ஐ.எஸ்.டி.கியூ.பி. அடிப்படைப் பரீட்சைக்கு முன் அனுபவம் கட்டாயமில்லை. 40 வினாக்கள், 60 நிமிடம். 26 சரியானால் தேர்ச்சி. தாய்மொழியல்லாத மொழியில் எழுதுவோருக்கு 15 நிமிடம் கூடுதல். பாடத்திட்டமும் மாதிரி வினாத்தாளும் இணையத்தில் இலவசம்; அவற்றைப் படித்து முடிக்குமுன் எந்த வகுப்புக்கும் பணம் கட்டிவிட வேண்டாம்.