தற்செயலாகத் தெரிந்த அட்ரினல் கட்டி: கெமாஸ் வட்டாரத்தாருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இடுப்பு வலி, சிறுநீரகக் கல், விபத்து என்று ஏதோ ஒரு காரணத்துக்காக வயிற்றை சிடி ஸ்கேன் எடுக்கிறார்கள். தேடிப் போன விஷயத்தோடு, யாரும் தேடாத ஒன்றும் ரிப்போர்ட்டில் வந்து சேர்கிறது: அட்ரினல் சுரப்பியில் ஒரு கட்டி. அதைப் படித்துவிட்டுச் சில குடும்பங்கள் தூக்கத்தைத் தொலைக்கின்றன. சில வீடுகளில் ரிப்போர்ட் பிரிக்கப்படாமலே அலமாரிக்குள் போய்விடுகிறது. இரண்டும் வேண்டாம்.

இந்தக் கட்டி அபூர்வமானதல்ல. ஐம்பது வயதையொட்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு இருக்கலாம். முதுமையில் இது நூற்றுக்குப் பத்து வரை போகும். பெரும்பாலானவை தீங்கற்றவை. அடிக்கடி ஸ்கேன் எடுப்பதைக் கண்காணிப்பு என்று நினைக்க வேண்டாம். முதல் முறை ஒழுங்காகப் பரிசோதித்து, அந்த முடிவுகளைத் தொலைக்காமல் வைத்திருப்பதே கண்காணிப்பின் பெரும்பகுதி.

முதலில் இரண்டு கேள்விகள்

இரு சிறுநீரகங்களின் உச்சியிலும் பக்கத்துக்கொன்றாக அட்ரினல் சுரப்பிகள் இருக்கின்றன. கார்ட்டிசோல், ஆல்டோஸ்டிரோன், அட்ரினலின் ஆகிய ஹார்மோன்கள் அங்கிருந்து வருகின்றன. கட்டி தெரிந்ததும் மருத்துவர் விடை தேடுவது இரண்டு கேள்விகளுக்கு. இது புற்றாக இருக்குமா? இது ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறதா? சாதாரணக் கட்டிக்கும் இரண்டாம் கேள்வி பொருந்தும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

படி 1: ரிப்போர்ட்டைப் படியுங்கள்

நகல் கேட்டு வாங்கி, நான்கு விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர், உள்ளே ஒரே சீராக இருக்கிறதா, எச்.யு. எண் எவ்வளவு. கட்டியின் அடர்த்தியைச் சொல்லும் அளவுதான் எச்.யு.; தண்ணீருக்கு அது 0, கொழுப்புக்கு அதற்கும் கீழே. மருந்து ஏற்றாமல் எடுத்த ஸ்கேனில் வரும் எண்ணையே இதற்குப் பார்க்க வேண்டும். மருந்து ஏற்றி எடுத்திருந்தால், சாதாரண சிடி இன்னொன்று தேவைப்படலாம்.

ஐரோப்பிய ஹார்மோன் மருத்துவர்கள் 2023இல் புதுப்பித்த நெறிமுறை இப்படிச் சொல்கிறது:

- எச்.யு. எண் 10 அல்லது அதற்குக் கீழே, ஒரே சீராக இருந்தால்: தீங்கற்றது. அளவு எதுவானாலும் மறு ஸ்கேன் தேவையில்லை.
- 11 முதல் 20 வரை, 4 செ.மீ.க்குக் குறைவு, ஒரே சீர் என்றால்: உடனே வேறு வகை ஸ்கேன், அல்லது 12 மாதம் கழித்து மறு ஸ்கேன்.
- 4 செ.மீ.க்கு மேல், அதோடு எண் 20ஐத் தாண்டியிருந்தால் அல்லது உள்ளே சீரற்று இருந்தால்: அறுவைச் சிகிச்சை பற்றி நிபுணர்கள் கூடிப் பேச வேண்டும்.

இடையில் நிற்கும் கட்டிகளுக்கு ஆளைப் பார்த்துத்தான் முடிவு. நாற்பது வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், ஏற்கெனவே வேறிடத்தில் புற்று வந்தவர்கள் ஆகியோரை மருத்துவர் தாமதமின்றிப் பார்க்க வேண்டும்.

படி 2: ஹார்மோன் பரிசோதனை

கார்ட்டிசோல்: எல்லோருக்கும் பொதுவான பரிசோதனை இது. இரவு 11 மணியளவில் டெக்சாமெத்தசோன் 1 மில்லிகிராம் விழுங்க வேண்டும், கொடுத்தது 0.5 மில்லிகிராம் மாத்திரை என்றால் இரண்டு. மறுநாள் காலை 8 அல்லது 9 மணிக்கு ரத்தம் எடுப்பார்கள். கார்ட்டிசோல் லிட்டருக்கு 50 நானோமோலுக்கு மேல் போகாவிட்டால் கட்டி அதைக் கூடுதலாகச் சுரக்கவில்லை என்று பொருள். நேரம் தவறினால் முடிவும் தவறும். காலையில் சிரம்பான் பெரிய மருத்துவமனைக்கு ஓட முடியாதவர்கள், அருகிலேயே ரத்தம் எடுக்க வழியுண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்ரினலின் வகை: எச்.யு. எண் 10க்கு மேல் இருந்தால் ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டநெஃப்ரின் என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். சிறுநீர் என்றால், காலையில் முதலில் போவதைக் கழித்துவிட்டு மணியைக் குறியுங்கள். அதற்குப் பிறகு போவதெல்லாம், மறுநாள் அதே நேரத்துச் சிறுநீர் உட்பட, உங்களுக்குக் கொடுத்த கேனுக்குள் சேர வேண்டும். கேனில் அமிலம் ஊற்றிக் கொடுத்திருக்கலாம். நேராக அதில் போகாமல் வேறொரு குவளையில் பிடித்துப் பதமாக ஊற்றுங்கள்.

ஆல்டோஸ்டிரோன்: ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கும், காரணம் தெரியாமல் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கும் மட்டும்.

படி 3: சாப்பிடுவதை மறைக்காதீர்கள்

தோட்ட வேலை முட்டியையும் இடுப்பையும் பதம் பார்க்கும். வலிக்கு ஜாமு, பொட்டலப் பொடி, சந்தையில் விற்கும் மாத்திரை என்று வாங்கிச் சாப்பிடுவோர் நம்மில் ஏராளம். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் டெக்சாமெத்தசோன் கலந்து விற்கப்படுவதைப் பற்றி மலேசிய சுகாதார அமைச்சு திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது. அது பரிசோதனையைக் குழப்பும். காலப்போக்கில் அட்ரினலையே தூங்க வைக்கும். பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இல்லாததைத் தொடாதீர்கள். நெடுநாள் சாப்பிட்டவர் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. பொட்டலத்தோடு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கருத்தடை மாத்திரை, வலிப்பு மருந்து, காசநோய் மருந்து ரிஃபாம்பிசின், மதுப் பழக்கம், ஆலையில் இரவு ஷிப்ட் ஆகியவற்றையும் சொல்லிவிடுங்கள். ரத்தக் கொதிப்பு மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

படி 4: முடிவுக்கேற்ற கண்காணிப்பு

கட்டி தீங்கற்றது, ஹார்மோனும் சுரக்கவில்லை என்றால், புதிய அறிகுறி வராத வரை மறுபடி ஹார்மோன் பரிசோதனை தேவையில்லை. 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஹார்மோன் சுரக்காத கட்டியோ இலேசாகக் கார்ட்டிசோல் சுரக்கும் கட்டியோ உள்ள 4,121 பேரின் விவரங்களை எடுத்துப் பார்த்தது. சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்ததில் கட்டிகள் வளர்ந்தது சராசரியாக 2 மில்லிமீட்டர். ஒருவருக்குக்கூட அது புற்றாக மாறவில்லை.

கார்ட்டிசோல் இலேசாகக் கூடியிருந்தால், கவனிக்க வேண்டியது உடம்பை. ரத்தக் கொதிப்பு, இனிப்பு நீர், கொழுப்பு, எலும்புத் தேய்மானம் இவற்றை ஆண்டுக்கொரு முறை பார்க்க வேண்டும். இவை கட்டுக்கடங்காமல் போனால் கட்டியை எடுப்பது பற்றிப் பேசலாம்.

மறு ஸ்கேன் எடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு: அளவு 20 விழுக்காட்டுக்கு மேல் கூடி, அந்தக் கூடுதல் குறைந்தது 5 மில்லிமீட்டராகவும் இருந்தால் அறுவையைப் பற்றி யோசிப்பார்கள். இரண்டும் சேர வேண்டும்.

படி 5: ஒரு கோப்பு, ஒரு பொறுப்பாளர்

கெமாஸ் நெகிரி செம்பிலானின் ஓரம்; கெமாஸ் பாருவுக்குப் போனால் ஜொகூர். அவசரத்துக்குச் சிகாமட் மருத்துவமனைக்கு ஓடுவோம். மாவட்ட மருத்துவமனை தம்பினில். பெரிய மருத்துவமனையோ சிரம்பானில் உள்ள துவாங்கு ஜாஃபார். ஹார்மோன் நிபுணத்துவத்துக்குப் பேர்போன புத்ராஜெயா மருத்துவமனைக்கும் அனுப்பலாம். ஓரிடத்து ஸ்கேன் இன்னோரிடத்துக் கணினியில் தெரியும் என்று நம்பி இருக்காதீர்கள். படத்தைக் குறுந்தட்டில் கேட்டு வாங்குங்கள். தேதி, அளவு, எச்.யு. எண், ஹார்மோன் முடிவு, அடுத்த தவணை ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள்.

வீட்டில் ஒருவர் பொறுப்பேற்கட்டும். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோகும்போதும், பிள்ளைகளோடு தங்கக் கோலாலம்பூர் போகும்போதும் தவறிப்போவது இந்தத் தவணைதான். அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். சிரம்பானுக்கு கெமாஸிலிருந்து இ.டி.எஸ். ரயிலும் உண்டு.

காத்திருக்கக் கூடாத நேரம்

- திடீர்த் தலைவலி, படபடப்பு, வியர்வை மூன்றும் சேர்ந்து வந்து வந்து போவது
- மாத்திரைக்கு அடங்காத ரத்தக் கொதிப்பு
- முகம் உப்பி, தோல் எளிதில் கன்றி, தொடை பலமிழப்பது
- பெண்களுக்குத் திடீரென முகத்தில் முடி வளர்வது
- காரணமின்றி எடை குறைவது

கட்டியில் ஊசி குத்திச் சதை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், மெட்டநெஃப்ரின் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். அட்ரினலின் சுரக்கும் கட்டியைக் குத்தினால் ரத்தக் கொதிப்பு எகிறி உயிராபத்து நேரலாம்.

அடுத்த தவணைக்குக் கேள்விகள்

“டாக்டர், என் கட்டியின் எச்.யு. எண் என்ன?”
“ஹார்மோன் பரிசோதனையில் எது முடிந்தது, எது பாக்கி?”
“எனக்கு மறு ஸ்கேன் வேண்டுமா? வேண்டாம் என்றால் அதை எழுதித் தருவீர்களா?”

கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். இனி ஸ்கேன் தேவையில்லை என்று எழுதி வாங்கிய தாள் வீண் பயத்தையும் வீண் அலைச்சலையும் மிச்சப்படுத்தும். தேவை என்று எழுதிய தாள், குறித்த நாளில் உங்களைக் கிளம்ப வைக்கும்.