முதல் ஆட்டம் தோற்ற பிறகு

அன்புள்ள தம்பி,

மாநில ஜூனியர் அணிக்கு உதவிக் கோச்சாகப் போகிறாய் என்று தெரிந்ததில் ரொம்ப சந்தோஷம். உலகக் கோப்பை ஜெயிக்க ஒரு நாட்டுக்கு என்னென்ன வேண்டும் என்று ஒரு பட்டியலும் எழுதி அனுப்பியிருக்கிறாய்: பணம், அகாடமி, மக்கள்தொகை, ஒரு மெஸ்ஸி. பட்டியலில் பெரிய தப்பில்லை. 2022 வரை நடந்த 22 உலகக் கோப்பைகளையும் 8 நாடுகள்தான் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. 2000 யூரோ கோப்பையில் முதல் சுற்றிலேயே மானம் போன ஜெர்மனி, பெரிய கிளப்புகள் எல்லாம் இளைஞர் அகாடமி நடத்தியே ஆக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. பலன் 2014-ல் கைக்கு வந்தது. மக்கள்தொகையை மட்டும் அடித்துவிடு. சுமார் 40 லட்சம் பேரே உள்ள குரோஷியா 2018-ல் இறுதி ஆட்டம் ஆடியது. உருகுவே இரண்டு முறை கோப்பையையே கொண்டுபோனது.

ஆனால் நீ எழுதியதெல்லாம் போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோகிற வேலைகள். தேசிய அணியின் கோச் கல்யாணச் சமையல்காரர் மாதிரி. நெல் விளைவிப்பது அவர் வேலை இல்லை. வந்து இறங்கிய சாமானை வைத்து முகூர்த்தத்துக்குள் பந்தி போட வேண்டும். கிளப் கோச்சுக்கு வருஷம் முழுக்க ஆட்கள் கையில் இருப்பார்கள். இவருக்குக் கிடைப்பது சில வாரங்கள். அதிலும் ஓர் ஆட்டத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் உள்ள மூன்று, நான்கு நாட்களில்தான் கோப்பையே தீர்மானமாகிறது என்பது என் கட்சி. குறிப்பாக, முதல் அடி விழுந்த பிறகு வரும் நாட்கள்.

2022-ல் கத்தாரில் ஜெயித்த அர்ஜென்டினாவை எடுத்துக்கொள். 36 ஆட்டம் தோற்காமல் வந்து இறங்கியவர்கள். முதல் ஆட்டத்தில் சவூதியிடம் 1–2. முதல் பாதியில் அடித்த அந்த ஒரு கோல் போக, மேலும் மூன்று முறை பந்து வலைக்குள் போயும் மூன்றும் ஆஃப்சைடு. இரண்டாம் பாதி தொடங்கி பத்து நிமிடம் ஆவதற்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டார்கள். ஊர் முழுக்க மெஸ்ஸியைப் பற்றித்தான் பேச்சு. கோச் ஸ்கலோனி பார்த்தது வேறு இடத்தை. நடுக்களத்தில் பந்தை வாங்கி முன்னே கொண்டுபோகும் லோ செல்சோ காயத்தால் கத்தாருக்கே வரவில்லை. அந்த ஓட்டை அடைபடாமல் இருந்தது. மெக்சிகோ ஆட்டத்துக்கு ஐந்து பேரை மாற்றினார். மக் அலிஸ்டர் உள்ளே வந்தார். சப்ஸ்டிட்யூட்டாக இறங்கிய 21 வயது என்சோ ஃபெர்னாண்டஸ் கோல் அடித்தார். போலந்து ஆட்டத்தில் என்சோவும் ஹூலியன் அல்வாரெஸும் தொடக்கத்திலிருந்தே ஆடினார்கள். இறுதி ஆட்டம் வரை அந்த மூவரும் அசையவில்லை. போட்டி தொடங்கியபோது மூவருமே பெஞ்சில் இருந்தவர்கள் என்பதை மறந்துவிடாதே.

இதைப் படித்துவிட்டு, தோற்றால் ஐந்து பேரை மாற்றணும் என்று நோட்டில் எழுதிவைக்காதே. 2010-ல் ஸ்பெயினும் முதல் ஆட்டம் தோற்றது, சுவிட்சர்லாந்திடம் 0–1. பந்து முழுக்க ஸ்பெயின் காலில்தான். அலோன்ஸோ அடித்தது குறுக்குக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. தடுப்பாட்டத்துக்கு இரண்டு மிட்ஃபீல்டர் எதற்கு, பூஸ்கெட்ஸை எடு என்று பத்திரிகைகள் கத்தின. கோச் டெல் போஸ்கே எடுக்கவில்லை. ஆட்டம் சரியாக இருந்தது, முடிவு மட்டும் தப்பிப்போனது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதன்பிறகு நாக்அவுட் ஆட்டங்கள் நான்கும் 1–0. ஏழு ஆட்டத்தில் எட்டே கோல் அடித்த சாம்பியன்! பார்க்க அலுப்பாக இருந்தது என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குக் கொஞ்சம் சம்மதம்தான்.

தோற்ற அணி எதனால் தோற்றது என்பதை இருவரும் சரியாகப் படித்தார்கள், அவ்வளவுதான். ஸ்கோரைப் பார்த்து முடிவெடுத்திருந்தால் இரண்டு பேரும் ஒரே மருந்தைக் கொடுத்திருப்பார்கள், ஒருவர் வீட்டுக்குப் போயிருப்பார். ஆட்டம் முடிந்த அன்றைக்கு ராத்திரியே அடுத்த பதினொன்றை எழுதாதே. வீடியோவை முதலில் சத்தமில்லாமல் பார். கமென்டரி காதில் விழுந்தால் ஸ்கோர்தான் மண்டைக்குள் ஓடும்.

அடுத்த கஷ்டம், யாரை உட்கார வைக்கிறாய் என்பது. 2008 யூரோ இறுதியில் கோல் அடித்து ஸ்பெயினுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர் டோரஸ். 2010 அரையிறுதியில் அவரை உட்கார வைத்துவிட்டு பெட்ரோவை இறக்கினார் டெல் போஸ்கே. கத்தாரில் அல்வாரெஸுக்காக இடம் இழந்தவர் லௌதாரோ மார்டினெஸ். ஆனால் காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிரான ஷூட் அவுட்டில் கடைசி பெனால்டியை அடித்து ஜெயிக்க வைத்தது அதே லௌதாரோ. இறுதி ஆட்டத்தின் எக்ஸ்ட்ரா டைமில் அவர் அடித்த ஷாட்டை பிரான்ஸ் கீப்பர் லோரிஸ் தட்டிவிட, திரும்பி வந்த பந்தைத்தான் மெஸ்ஸி உள்ளே தள்ளினார். மான்டியெலும் பெஞ்சிலிருந்து வந்தவர். அவர் கையில் பந்து பட்டதால் பிரான்சுக்கு எக்ஸ்ட்ரா டைம் முடியும் தறுவாயில் பெனால்டி போனது. கொஞ்ச நேரத்தில் ஷூட் அவுட்டின் வெற்றிப் பந்தை அடித்ததும் அவரே. உட்கார வைத்த ஆள் மனசு கசந்து உட்கார்ந்திருந்தால் இதெல்லாம் நடக்காது. பதினொரு பேரைத் தேர்ந்தெடுக்க எந்த கோச்சுக்கும் தெரியும். மீதிப் பேரை நான்கு வாரம் உயிரோடு வைத்திருக்கத் தெரிந்தவர்கள் குறைவு.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் ஆள் இருந்தார். ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த, இந்திய அணியின் கோச் ரஹீம் சாஹிப். 1962 ஆசிய விளையாட்டு, ஜகார்த்தா. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2. தாய்லாந்துடனான ஆட்டத்தில் டிஃபென்ஸின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். டிஃபென்ஸில் நின்றால் உயரப் பந்தையெல்லாம் தலையால் அடித்து விலக்க வேண்டும், தையல் தாங்காது. வேறு யாராயிருந்தாலும் அவரைப் பெஞ்சில் வைத்திருப்பார்கள். ரஹீம் அவரை ஃபார்வர்டாக ஏற்றினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜ் இறுதியில் கோல்கீப்பர். அரசியல் சச்சரவால் இந்தியா மேல் கோபமாக இருந்த கூட்டம் ஸ்டேடியம் கொள்ளாமல் எதிர்த்துக் கத்தியது. முதல் ஆட்டத்தில் தோற்கடித்த அதே கொரியாவை 2–1 என்று ஜெயித்தார்கள். அப்போது ரஹீமுக்கு நுரையீரல் புற்றுநோய். அடுத்த வருஷமே போய்விட்டார்.

ஜெயித்த பிறகு வரும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். 2010-ல் இத்தாலி, 2014-ல் ஸ்பெயின், 2018-ல் ஜெர்மனி: மூன்றுமே நடப்பு சாம்பியன்கள், மூன்றுமே முதல் சுற்றோடு மூட்டை கட்டியவை. கோப்பை வாங்கித் தந்தவர்களிடம் நன்றி காட்டாமல் இருப்பது எந்த கோச்சுக்கும் லேசில்லை. 2010-ல் பூஸ்கெட்ஸை மாற்றாததற்காக நாம் மெச்சும் டெல் போஸ்கேதான் 2014-ல் அநேகமாக அதே முகங்களோடு பிரேசிலுக்குப் போய் நெதர்லாந்திடம் 1–5 வாங்கினார். பொறுமை எந்த நாளில் பிடிவாதம் ஆகிறது என்பதற்கு என்னிடம் கணக்கு இல்லை. யாரிடமும் இருப்பதாக நான் நம்பவில்லை.

அதிர்ஷ்டம் பற்றிக் கேட்டிருந்தாய். உண்டு. கத்தார் இறுதி ஆட்டத்தின் 123-ம் நிமிடத்தில் பிரான்சின் கோலோ முவானி அடித்த ஷாட் அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்டினெஸின் காலில் படாமல் போயிருந்தால் இந்தக் கடிதத்தில் பாதி இருக்காது. ஆனாலும் பெனால்டியை லாட்டரி என்று சொல்லித் தப்பிக்காதே. களைத்துப்போன காலோடு அடித்துப் பழக வை. யார் அடிப்பது என்பதை முன்பே எழுதி வை.

உனக்கு இருக்கப்போவது 20 பையன்கள், சில நாள் கேம்ப். பல கிளப்பிலிருந்து வருவார்கள். ஒருவனுக்கு ஒருவன் பெயர்கூடத் தெரியாது. அணிப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவதற்கு முன், அதில் இல்லாத ஒவ்வொருவனையும் தனியாகக் கூப்பிட்டுக் காரணத்தைச் சொல். தலைமைக் கோச் செய்ய மாட்டார் என்றால் நீ செய். காரணம் சொல்ல முடியவில்லை என்றால் தேர்வில் ஏதோ கோளாறு. திரும்பிப் போய் அவரிடம் பேசு.

கேம்ப் எந்த ஊரில் என்று எழுது. பக்கத்தில் என்றால் ஒருநாள் காலை ப்ராக்டிஸ் பார்க்க வருகிறேன்.

அன்புடன்,
அண்ணன்