நின்ற கற்களும் கிடந்த கல்லும்



"கல்லைப் பற்றி எழுத என்னடி இருக்கிறது?" என்று என் பக்கத்து இருக்கைத் தோழி கேட்டாள். சென்ற ஜூன் மாதம் வரை நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பனிமூட்டமும் தூறலுமாக இருந்த காலை நேரத்தில், வரலாறு கற்பிக்கும் சிஸ்டர் எங்களை வரிசையாக நடத்தி ஏற்காடு ஹோலி டிரினிடி ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். மழையில் கல்லறைக்கா என்று முணுமுணுத்தவர்களுள் நானும் ஒருத்தி.

அங்கே இராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவரின் சாம்பல் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 1834இல் இங்கிலாந்தில் பிறந்த இவர், 1858இல் இந்திய நிலவியல் துறையில் சேர்ந்தார். 1863 மே 30ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் கையகலக் கல் ஒன்றைக் குனிந்து எடுத்தார். அது மனிதன் செதுக்கிய கற்கருவி என்று கண்டு சொன்னார். இந்தியாவில் கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற வரலாறு அந்தக் கல்லிலிருந்துதான் தொடங்குகிறது. ஓய்வு பெற்றபின் அவர் நம் ஏற்காட்டில் வீடு கொண்டு வாழ்ந்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்தபோதும் அவருடைய சாம்பல் இந்த மலைக்கே வந்து சேர்ந்தது. (இவருடைய மாமனார்தாம் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல். அவர் காலமானதும் ஏற்காட்டில்தான், 1882இல். நாம் தினமும் நடக்கும் சாலையில் இவர்களெல்லாம் நடந்திருக்கிறார்கள்!)

சேர்வராயன் மலையில் வாழும் மக்கள், வழவழப்பாகத் தீட்டிய பழைய கற்கோடரிகளைப் பொறுக்கிவந்து சிறு கோயில்களில் வைத்து வணங்கியதை ஃபூட் குறித்திருக்கிறார். இவை புதிய கற்காலத்தவை. முதலில் கல்லைச் சில்லுகளாகத் தட்டி உருவாக்கி, பின் கொத்திச் சமன்செய்து, பாறையில் தேய்த்து, கடைசியில் மெருகேற்றுவார்கள். ஒரு கோடரிக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்! நமக்கோ ஒரு பென்சிலைச் சீவவே பொறுமை இல்லை. பிற்காலத்தில் உழும்போது இக்கற்கள் கிடைத்தால், மனிதன் செய்தது என்று யாருக்குத் தெரியும்? ஐரோப்பாவிலும் இவற்றை இடியோடு வானிலிருந்து விழுந்த கல் என்றே மக்கள் நம்பி வந்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு மலைக்கிராமத்து மரத்தடியில் அப்படி வரிசையாக வைத்த கற்களைக் கண்டோம். மஞ்சளும் குங்குமமும் பூசியிருந்தன. சிஸ்டர் அங்கிருந்த பாட்டியிடம் அனுமதி கேட்டார், எங்களைக் காலணியைத் தள்ளிக் கழற்றச் சொன்னார், தாமும் கழற்றினார். தொட ஒருவரையும் விடவில்லை.

மறுநாள் வகுப்பில் நிற்கும் கற்களைப் பற்றிப் பாடம் நடந்தது. இரும்புக் காலத்தில் இறந்தோரைப் புதைத்த இடத்தில் பெரிய கற்களை அடையாளமாக வைத்தார்கள். தனியாக நிமிர்ந்து நிற்பது நெடுங்கல். பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி மேலே மூடுகல் வைத்தது கற்திட்டை. மண்ணுக்குள் அறைபோல் அமைத்தது கற்பதுக்கை. சுற்றிலும் உருண்டைக் கற்களை அடுக்கியது கல்வட்டம். பிரான்சு நாட்டில் கார்னாக் என்னுமிடத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் வரிசையாக நிற்கின்றனவாம். அதைப் பார்க்கக் கப்பல் ஏற வேண்டாம், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலுக்குப் பேருந்து ஏறினால் போதும் என்றார் சிஸ்டர். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022இல் அறிவிக்கப்பட்டது. அந்தக் கற்களை நட்டவர்கள் காட்டுமிராண்டிகள் அல்லர். உலையில் இரும்பை உருக்கத் தெரிந்தவர்கள்.

இந்த வழக்கத்தின் தொடர்ச்சியே நடுகல். பத்தாம் வகுப்புத் தோழியரே, வெட்சி என்றால் ஆநிரை கவர்தல், கரந்தை என்றால் மீட்டல் என்று தேர்வுக்காக நாம் உருப்போடுகிறோமே, அதில் உண்மையாகவே ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த ஒருவனுக்காக நட்டது. ஆகோள் என்பது தொல்காப்பியச் சொல்! தக்க கல்லைக் காண்பது, அதை எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது என்று ஒரு கல் நடும் முறையையும் தொல்காப்பியம் சொல்கிறது.

தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் நடுகற்கள் மிகுதி. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது எடுத்தனூர்க் கல். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்தது. எருமைகளை மீட்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனும், அருகே அவன் நாயும் அதில் இருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன். இரண்டு கள்ளர்களைக் கடித்து நின்று காத்தது என்று வட்டெழுத்தில் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். பல்லவ அரசனின் அமைச்சர்களில் எத்தனை பேர் பெயர் நமக்குத் தெரியும்?

இனி என் கதைக்கு வருகிறேன். என் அம்மாவின் ஊர் அரூர்ப் பக்கம். அங்கே ஏரிக்கரையில் வேடியப்பன் கோயில் உண்டு. மூன்று பலகைக் கற்கள், மேலே ஒரு மூடுகல், உள்ளே வில்லேந்திய ஒருவர். சிறு வயது முதல் பொங்கலுக்குப் பொங்கல் பார்த்த சாமி நடுகல் வீரன் என்று இந்த ஆண்டுதான் எனக்குத் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கில் முகம் தெரியவில்லை; இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளும் தெரிந்தன.

மாமா வயலுக்குப் போகும் வழியில் வாய்க்காலின் மேல் பாலமாக நீண்ட பலகைக்கல் ஒன்று கிடந்தது. நாங்கள் அதில் உட்கார்ந்து கால் கழுவுவோம்; கரும்பு தின்று சக்கையைத் துப்புவோம். ஆயா மட்டும் அதில் ஏறமாட்டார்கள். புடவையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கித்தான் அக்கரைக்குப் போவார்கள். கிழவிக்குப் பாலம் பயம் என்று நாங்கள் சிரிப்போம். இந்தப் பொங்கலில்தான் நான் ஏன் என்று கேட்டேன்.

"எம் மாமியா மிதிக்க உடமாட்டாங்க கண்ணு. ஏன்னு நானும் கேட்டதில்ல, அவங்களும் சொன்னதில்ல."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் மாமாவிடம் கல்லைப் புரட்டிப் பார்க்கலாமா என்றேன். "பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு இதுதான் வேலையா?" என்று முதலில் கோபித்தார். இரண்டு நாள் கெஞ்சினேன். பிறகு நான்கு பேர் கடப்பாரையோடு வந்தார்கள். கல் புரண்டதும் அடிப்பக்கம் முழுக்கப் பாசி. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். தேய்க்கவோ சாக்குக்கட்டியால் வரையவோ கூடாது, சாய்ந்த வெயிலில்தான் பார்க்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் மாலை வரை காத்திருந்தோம்.

வெயில் சாய்ந்தபோது முதலில் ஒரு முழங்கால் தெரிந்தது. பிறகு வில். மார்பில் இரண்டு அம்புகள். இடது பாதத்தின் அருகே உள்ளங்கை அளவில் ஒரு மாடு. தலைக்கு மேல் இரண்டு வரி எழுத்து. மேல்வரி பெயர்ந்து போயிருந்தது. அவர் பெயர் அந்த மேல்வரியில் இருந்திருக்குமோ என்றுதான் நான் நினைத்தேன். ஒருவரும் பேசவில்லை. ஆயா மட்டும் போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கல்லின் கால்மாட்டில் ஊற்றினார்கள். எத்தனை முறை அந்தக் கல்லின்மேல் சேற்றுக்காலோடு குதித்தேன் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

படம் எடுத்து, ஊர், வயல், அளவு எல்லாம் குறித்துத் தருமபுரி அருங்காட்சியகத்துக்கு எழுதியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். மாமா கல்லை வரப்போரப் புளியமரத்தடியில் நிமிர்த்தி நட்டுவிட்டார். வாய்க்காலின் மேல் இப்போது பிளந்த தென்னைமரம் கிடக்கிறது. ஆயா அதில்தான் போய்வருகிறார்களாம். வழுக்குகிறது என்று மாமாவைத் தினமும் திட்டுகிறார்களாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு